லேப்டாப் ஹிஞ்ச் உடைந்துவிட்டதா? நீங்களே சரிசெய்வதா, கடைக்குக் கொடுப்பதா: முழுமையான வழிகாட்டி

லேப்டாப்பைத் திறக்கும்போது மூலையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு, ஸ்கிரீனுக்குக் கீழே பாடி லேசாக வாய் பிளந்து நிற்கிறது என்றால், உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான். இனிமேல் திறந்து மூடாதீர்கள். அவசர வேலை இருந்தால் திறந்தபடியே மேஜையில் வைத்து முடித்துக்கொள்ளுங்கள், இரவில் ஸ்கிரீனை மூடாமல் ஒரு துணியை மட்டும் மேலே போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் உடைந்த பிளாஸ்டிக் இன்னும் கொஞ்சம் பொடியும், அதே மூலை வழியாக ஓடும் டிஸ்ப்ளே கேபிள் இழுபடும், ஐந்நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை டிஸ்ப்ளே வரைக்கும் போய் ஐயாயிரத்தில் நிற்கும்.

அடுத்தது, பதற வேண்டாம். 'ஹிஞ்ச் உடைந்துவிட்டது' என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் திறந்து பார்த்தால் ஸ்கிரீனையும் பாடியையும் இணைக்கும் அந்த ஹிஞ்ச் பெரும்பாலும் முழுசாகத்தான் இருக்கும். உடைந்தது அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கடையில் என்ன கேட்பது, வீட்டில் என்ன செய்வது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

உள்ளே உண்மையில் என்ன நடந்திருக்கிறது

ஹிஞ்ச் என்பது இரண்டு இரும்புக் கைகளும் நடுவில் ஒரு தண்டும். ஒரு கை ஸ்கிரீன் பக்கம் போகிறது, இன்னொரு கை கீபோர்டுக்கு அடியில் பாடியோடு சேர்கிறது. தண்டில் வளைந்த வாஷர்களைக் கோத்து ஒரு நட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்த இறுக்கத்தில் வரும் உராய்வுதான் ஸ்கிரீனை நாம் விட்ட இடத்தில் நிற்க வைக்கிறது. கதவுக் கீல் மாதிரி லேசாக ஆடுவதற்காகச் செய்ததல்ல இது, வேண்டுமென்றே இறுக்கமாகச் செய்தது.

இனி பாடி பக்கம் பாருங்கள். கீபோர்டு பேனலின் உட்புறத்தில் பிளாஸ்டிக்கிலேயே சின்னச் சின்னக் குழல்கள் வார்க்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழலுக்குள்ளும் மரையிட்ட ஒரு பித்தளை புஷ், சூடாக்கி அழுத்தி உட்கார வைத்தது. ஹிஞ்சின் ஸ்குரூ அந்த புஷ்ஷில்தான் ஏறுகிறது. அதாவது ஸ்கிரீனைத் திறக்கும் விசை முழுவதையும் தாங்குவது அந்த புஷ்ஷைச் சுற்றியுள்ள ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சுவர். உடைந்த லேப்டாப்பைத் திறந்தால் இந்தக் காட்சியைத்தான் பார்ப்பீர்கள்: ஹிஞ்சின் இரும்புக் கை அப்படியே இருக்கும், அதில் மூன்று ஸ்குரூவும் இறுக்கமாகவே இருக்கும், ஸ்குரூவின் முனையில் பித்தளை புஷ்கள் தொங்கும், புஷ்ஷைச் சுற்றி கறுப்புப் பிளாஸ்டிக் வளையம் கடித்தெடுத்தது போல ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பேனலில் அது இருந்த இடத்தில் வெறும் பள்ளம்.

இறுக்கம் நாளாக நாளாகக் கூடுவதும் உண்டு. தண்டில் தடவிய கிரீஸ் காய்ந்து தூசியோடு பிசினாகிவிடும், துரு ஏறும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கொளச்சல், முட்டம், மணக்குடி, தூத்தூர் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உப்புக் காற்றில் ஜன்னல் கொக்கி என்ன பாடு படுகிறது என்று தினமும் பார்க்கிறோம். உள்ளே தள்ளி குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் இருந்தாலும் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைக்கும் ஊர் என்பதால் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பக்க ஹிஞ்ச் மட்டும் இறுகிவிட்டால் திறக்கிற விசையெல்லாம் அந்த ஒரு மூலையில் விழும். நாமும் ஒரு கையால் வலது மூலையைப் பிடித்துத் தூக்கித் திறப்போம். போதாதற்கு காலேஜ் பையனின் பைக்குள் டிபன் பாக்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் நடுவில் லேப்டாப், மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரைக்கும் நெரிசலான பஸ்ஸில் அந்தப் பை பத்துப் பேருக்கு இடையில் நசுங்கி வரும்.

ஆக, பிளாஸ்டிக் உடைந்தது விளைவு, ஹிஞ்ச் இறுகியது காரணம். இறுக்கத்தைக் குறைக்காமல் பிளாஸ்டிக்கை மட்டும் ஒட்டினால், வீட்டில் ஒட்டினாலும் சரி, பெரிய கடையில் ஒட்டினாலும் சரி, கொஞ்ச மாதத்தில் அதே இடம் திரும்ப வரும். 'ஒட்டினேன், நிற்கவில்லை' என்று சொல்லும் பலருடைய கதை இதுதான். பசையைக் குறை சொல்லிப் பயனில்லை.

திறப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி. பாடி வாய் பிளந்திருப்பது ஹிஞ்சினால்தானா, பேட்டரி வீங்கியதாலா என்று பாருங்கள். டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, கிளிக் ஆகாமல் இறுகியிருக்கிறதா, சமமான மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா? பிளவு ஹிஞ்ச் மூலையில் இல்லாமல் முன்பக்கமோ நடுவிலோ இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, அழுத்தாமல் குத்தாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். வீங்கிய லித்தியம் பேட்டரியில் ஸ்குரூ டிரைவர் முனை குத்தினால் தீப்பிடிக்கலாம். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது.

பேட்டரி நன்றாக இருக்கிறது என்றால், உடைந்தது எந்தப் பக்கம் என்று பாருங்கள். மெதுவாகக் கொஞ்சமே கொஞ்சம் திறக்கும்போது கீபோர்டு பேனலும் அடிமூடியும் பிரிகிறது என்றால் பாடி பக்கம் புஷ்கள் போயிருக்கின்றன. இதுதான் அதிகம் வருவது, வீட்டில் செய்யவும் எளிது. ஸ்கிரீனைச் சுற்றியுள்ள பிரேம் பிரிந்து, ஸ்கிரீனின் கீழ் மூலையில் இடைவெளி தெரிகிறது என்றால் மூடி பக்கம் உடைந்திருக்கிறது. கடைக்காரர்கள் பின்மூடியை ஏ பேனல், ஸ்கிரீனைச் சுற்றிய பிரேமை பி பேனல், கீபோர்டு பக்கத்தை சி, அடிமூடியை டி என்பார்கள். நீங்களும் அதே பெயரில் கேட்டால் பேச்சு சுலபமாக முடியும். மூன்றாவது வகை அபூர்வம்: இரும்புக் கையே முறிந்திருக்கும். அதற்குப் புது ஹிஞ்ச் தவிர வேறு வழியில்லை, இரும்பை ஒட்ட நினைக்க வேண்டாம்.

வீட்டிலா, கடையிலா?

கடைக்கே கொடுக்க வேண்டிய நிலைமைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள். ஹிஞ்ச் உடைவதைப் பொதுவாக வெளியிலிருந்து ஏற்பட்ட சேதம் என்று சொல்லி வாரண்டியில் சேர்க்க மறுப்பார்கள்தான், ஆனாலும் கேட்டுப் பார்க்காமல் விட வேண்டாம், வாங்கும்போது விபத்துப் பாதுகாப்புத் திட்டம் சேர்த்து எடுத்திருந்தால் அதில் வரும். உங்கள் பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சென்டர் நாகர்கோவிலில் இல்லையென்றால் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டியிருக்கும். கைவிரல் தொடுகையில் வேலை செய்யும் டச் ஸ்கிரீன், அதிலும் முன்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடியாக ஒட்டியிருக்கும் மாடல், மூடி பக்கம் உடைந்தால் வீட்டில் தொட வேண்டாம். 360 டிகிரி மடங்கும் மாடலும் அப்படியே. ஸ்கிரீன் ஏற்கெனவே மினுக்குகிறது, கோடு விழுகிறது என்றால் கேபிளும் போயிருக்கலாம், அதுவும் கடை வேலைதான். நாளைக்கு ப்ராஜெக்ட் வைவா, லேப்டாப் இல்லாமல் முடியாது என்றாலும் கடை. வீட்டு வேலைக்கு பசை காய்வதற்கு மட்டுமே ஒரு முழு நாள் வேண்டும்.

நீங்களே செய்யலாம் என்பதற்கு என் கணக்கு இது: சாதாரண ஸ்கிரீன், பாடி பக்கம் உடைந்தது, நாலைந்து வருடம் பழைய லேப்டாப். 2011 முதல் அரசுப் பள்ளிகளில் கொடுத்த இலவச லேப்டாப்புகள் நம் மாவட்டத்தில் இன்னும் எத்தனையோ வீடுகளில் உயிரோடு இருக்கின்றன. அதற்குப் போய் மூவாயிரம் ரூபாய்க்கு பேனல் மாற்றுவது நியாயமில்லை. எபாக்ஸி (இரண்டு டியூபைக் கலந்து போடும் பசை) வேலைக்கு இதைவிடப் பொருத்தமான மெஷின் வேறு கிடையாது, தடியான பிளாஸ்டிக், உள்ளே நிறைய இடம்.

செலவைச் சுமாராகச் சொல்கிறேன், மாடலைப் பொறுத்து மாறும். வீட்டில் செய்தால் பசையும் உப்புத்தாளும் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள், சின்ன ஸ்குரூ டிரைவர் செட் இல்லையென்றால் அதற்கு இன்னொரு முந்நூறு. கடையில் ஒட்டிக் கொடுக்க ஐந்நூறிலிருந்து ஆயிரம், ஆயிரத்து இருநூறு வரை. பேனலே மாற்றினால் இரண்டாயிரத்தில் தொடங்கி நாலாயிரத்துக்கு மேலும் போகும், மெட்டல் பாடி என்றால் இன்னும் அதிகம். இரண்டு வருடம்கூட ஆகாத, ஐம்பது அறுபதாயிரம் கொடுத்து வாங்கிய லேப்டாப் என்றால் பேனல் மாற்றுவதே சரி, அதில் பசை பூசிப் பழக வேண்டாம்.

வாங்கி வைக்க வேண்டியவை

நட்சத்திர முனை ஸ்குரூ டிரைவர் இரண்டு அளவில், பூஜ்யமும் இரட்டைப் பூஜ்யமும் (PH0, PH00). சில மாடல்களில் ஆறு முனை டார்க்ஸ் ஸ்குரூ இருக்கும், அதற்கு டி5. அளவு பொருந்தாத டிரைவரால் திருகினால் ஸ்குரூவின் தலை வழுக்கிவிடும், அப்புறம் அதைக் கழற்றவே ஒரு நாள் ஆகும். மூடியைப் பிரிக்க பழைய ஏடிஎம் கார்டு போதும், இரும்புக் கத்தி வேண்டாம். 120, 220 எண் உப்புத்தாள். துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அசிட்டோனும் தின்னரும் பிளாஸ்டிக்கையே கரைக்கும், பக்கத்தில் கொண்டுவர வேண்டாம்.

பசை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு டியூபாக வரும் சாதாரண அரால்டைட், மெதுவாகக் காய்கிறதே, அதுதான் வேண்டும். ஐந்து நிமிடத்தில் காயும் வகையின் பலம் குறைவு. எம்-சீல் இடத்தை நிரப்ப நல்லது, ஆனால் வழவழப்பான பிளாஸ்டிக்கில் அதன் பிடிமானம் போதாது. ஃபெவிக்விக் காய்ந்தால் நொறுங்கும் தன்மை உடையது, திரும்பத் திரும்ப விசை விழும் இந்த இடத்தில் தனியாகத் தாங்காது, அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகவும் படியும். பேக்கிங் சோடாவைத் தூவி ஃபெவிக்விக் விடும் வித்தை கல் போல இறுகும் என்பது உண்மைதான், அதை புஷ்ஷை இடத்தில் நிறுத்தி வைக்க மட்டும் பயன்படுத்தலாம், மேலே எபாக்ஸி போட்டே ஆக வேண்டும்.

ஹிஞ்சுக்கு ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் அல்லது வெள்ளை கிரீஸ். தேங்காய் எண்ணெய் நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் மருந்து, இங்கே வேண்டாம், நாளடைவில் பிசுக்காகித் தூசியைச் சேர்க்கும்.

இனி வேலை: பாடி பக்கம் உடைந்திருந்தால்

முதலில் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்துவிடுங்கள். டெல், எச்பி, லெனோவா மூன்றுமே பல மாடல்களுக்கு இதை இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், எந்த ஸ்குரூ எங்கே இருக்கிறது என்று படத்தோடு இருக்கும். யூடியூபில் அதே மாடலைத் திறக்கும் வீடியோ இருந்தால் ஒருமுறை முழுதாகப் பாருங்கள். ஃபைல்களை பேக்கப் எடுத்துவிட்டு ஷட்டவுன் செய்யுங்கள், விண்டோஸில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். சார்ஜரை எடுங்கள்.

மேஜையில் ஒரு துண்டை விரித்து லேப்டாப்பை மெதுவாக மூடிக் கவிழ்த்து வையுங்கள். ஒரு அட்டையில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்குரூவை எங்கிருந்து எடுத்தீர்களோ அதே இடத்தில் அட்டையில் குத்தி வையுங்கள். இது சோம்பேறித்தனப்படக் கூடாத இடம். ஸ்குரூக்கள் ஒரே மாதிரி தெரிந்தாலும் நீளம் வேறு, நீளமானதைக் குட்டை துளையில் ஏற்றினால் கீபோர்டு பக்கம் முட்டி மேலே புடைத்துவிடும். ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஸ்குரூவைப் பார்க்க மறக்காதீர்கள், மூடி பிரியாமல் அடம்பிடித்தால் தொண்ணூறு சதவீதம் அதுதான், பலத்தைக் காட்டாமல் தேடுங்கள். டிவிடி டிரைவ் உள்ள பழைய மாடலில் அதைக் கழற்றிய இடத்திலும் ஸ்குரூ இருக்கும்.

ஏடிஎம் கார்டை ஹிஞ்சுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது டச்பேட் பக்க விளிம்பிலிருந்து நுழைத்து மெதுவாகச் சுற்றி வாருங்கள். உடைந்த மூலையைக் கடைசியாக விடுங்கள். மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் விளிம்பில் நகத்தை வைத்துத் தள்ளுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி இணைப்போடு டிஸ்ப்ளே கேபிளைத் தொட்டால் ஸ்கிரீன் வெளிச்சத்துக்கான ஃப்யூஸ் போய்விடும் ஆபத்து உண்டு.

அடிமூடி இல்லாத நிலையில் ஸ்கிரீனைத் திறக்காதீர்கள். பல மாடல்களில் அடிமூடியும் சேர்ந்துதான் ஹிஞ்சின் விசையைத் தாங்குகிறது, அது இல்லாமல் திறந்தால் நன்றாக இருக்கும் மறுபக்கமும் பிய்ந்து வரும்.

இப்போது ஹிஞ்ச் மூலையை நிதானமாகப் பாருங்கள். சிதறிக் கிடக்கும் பித்தளை புஷ்களையும் பிளாஸ்டிக் துண்டுகளையும் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போடுங்கள், ஒன்று மதர்போர்டுக்குள் தங்கினாலும் ஷார்ட் ஆகலாம். போட்டோ எடுத்துவிட்டு, இரண்டு பக்க ஹிஞ்ச் ஸ்குரூக்களையும் கழற்றுங்கள். ஹிஞ்ச் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிளும், வைஃபை ஆன்டெனாவின் இரண்டு மெல்லிய வயர்களும் எப்படிச் சுற்றிப் போகின்றன என்று அந்தப் போட்டோவில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அடுத்து, வழிகாட்டியின் உயிரான இடம்: இறுக்கத்தைக் குறைப்பது. ஹிஞ்சின் இரும்புக் கை இப்போது பாடியிலிருந்து விடுபட்டிருக்கும். ஒரு பக்கத்தை விரலால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், பிறகு மறுபக்கம். உடைந்த பக்கம் தெளிவாக அதிக இறுக்கமாக இருக்கும். தண்டின் முனையில் நட் தெரிந்தால், சின்ன ஸ்பானர் அல்லது மூக்குக் குறடால் இடப்புறமாக எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் தளர்த்துங்கள். மறுபடி திருப்பிப் பாருங்கள். போதவில்லையா, இன்னொரு எட்டில் ஒரு பங்கு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே இறுக்கத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். ரொம்பத் தளர்த்தினால் ஸ்கிரீன் தானாகப் பின்னால் சாயும். நட் இல்லாத, தகட்டைச் சுருட்டிச் செய்த ஹிஞ்சாக இருந்தால் தளர்த்த வழியில்லை. பழைய பிரஷ்ஷால் துருவையும் பிசினையும் துடைத்து, ஒரே ஒரு துளி எண்ணெய் விட்டு, முப்பது நாற்பது முறை திருப்பி, வழியும் எண்ணெயை ஒற்றி எடுத்துவிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அந்த ஹிஞ்சையே மாற்றுங்கள், ஜோடியாக ஆன்லைனில் கிடைக்கும். இறுகிய ஹிஞ்சை வைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போகவே கூடாது.

சரி, இனி பசை. பேனலில் புஷ் இருந்த இடத்தையும் சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். பளபளப்பு முழுதும் போக வேண்டும். முடிந்தால் சூடான ஊசியால் அங்கங்கே சின்னக் குழிகள் போடுங்கள், பசை அதற்குள் இறங்கிப் பிடிக்கும். அளவாகக் குத்துங்கள், மறுபக்கம் கீபோர்டு பேனலின் வெளிமுகம் இருக்கிறது. பித்தளை புஷ்ஷின் வெளிப்பக்கத்தையும் தேயுங்கள். ஆல்கஹாலால் துடைத்துக் காய விடுங்கள். அதன் பிறகு விரல் படக்கூடாது, கைப்பிசுக்கு இருந்தால் எபாக்ஸி பிடிக்காது.

புஷ்ஷைத் தனியாக ஒட்டிக் காய வைத்துவிட்டுப் பிறகு ஹிஞ்சைப் பொருத்த நினைத்தால் துளைகள் ஒன்றுக்கொன்று சேராது. அதனால் ஸ்குரூவின் மரையில் லேசாக வாசலின் தடவி, புஷ்களை ஹிஞ்சின் கையோடு சேர்த்துத் திருகிவிடுங்கள். வாசலின் இருப்பதால் பசை கசிந்தாலும் ஸ்குரூ மாட்டிக்கொள்ளாது. இப்போது ஹிஞ்சை அதன் இடத்தில் வைத்தால் புஷ்கள் தானாகச் சரியான இடத்தில் உட்காரும். ஸ்கிரீன் மூடிய நிலையில் விளிம்புகள் நேராக இருக்கின்றனவா என்று பசை இல்லாமல் ஒருமுறை வைத்துப் பாருங்கள், அடிமூடியையும் வைத்து மூடிப் பாருங்கள். எவ்வளவு உயரத்துக்குப் பசை போடலாம் என்பது அப்போதுதான் தெரியும்.

அரால்டைட்டின் இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு பிழிந்து, நிறம் ஒன்றாகும் வரை இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். சரியாகக் கலக்காத பசை ஒரு வாரம் ஆனாலும் ரப்பர் மாதிரியே கிடக்கும். பக்கத்திலுள்ள கனெக்டர், ஸ்பீக்கர், ஃபேன் மேல் டேப் ஒட்டி மறையுங்கள். முதலில் பள்ளத்தில் கொஞ்சம் பசை, அதன்மேல் ஹிஞ்ச், பிறகு புஷ்களைச் சுற்றிப் பல்குத்தும் குச்சியால் நன்றாக அடைத்துவிடுங்கள். சுவர் ஓட்டையை அடைக்கும் கண்ணாடி இழை வலை டேப் சின்னத் துண்டு கிடைத்தால் பசைக்குள் பதியுங்கள், பலம் கூடும். பசை ஹிஞ்சின் சுழலும் தண்டைத் தொடவே கூடாது. ஹிஞ்சின் மேல் லேசான பாரம் வைத்து, குறைந்தது 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோக வேண்டாம், உள்ளே பேட்டரி இருக்கிறது. மழை நாளாக இருந்தால் ஈரம் அடிக்காத அறையில் இரண்டு நாள் விடுவது நல்லது.

காய்ந்த பிறகு நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் விழக்கூடாது. ஸ்குரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் திரும்பப் போட்டு, விரல் நுனி பலத்தில் மட்டும் இறுக்குங்கள். கேபிளும் ஆன்டெனா வயரும் போட்டோவில் இருந்த வழியிலேயே போகின்றனவா என்று சரிபார்த்து, பேட்டரியைக் கடைசியாக இணைத்து, அடிமூடியை எல்லா ஸ்குரூவோடும் மூடிய பிறகே ஸ்கிரீனைத் திறங்கள். பல கோணங்களில் நிறுத்தி ஸ்கிரீன் மினுக்குகிறதா, வைஃபை வருகிறதா, எல்லாக் கீயும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

புஷ் உட்கார இடமே இல்லாமல் பொடிந்திருந்தால்

அப்போது பசையை மட்டும் நம்ப முடியாது. பேனலில் மறுபக்கம் வரை 2 மில்லிமீட்டர் துளை போட்டு, வெளியிலிருந்து எம்2 ஸ்குரூவை விட்டு, உள்ளே ஹிஞ்சின் கைக்கு மேல் நட் போட்டு இறுக்க வேண்டும். வெளியே ஸ்குரூ தலை தெரியும், அழகு கொஞ்சம் போகும், ஆனால் இதைவிட உறுதியான முறை கிடையாது. தலைக்கு அடியில் ஒரு சின்ன வாஷர் போட்டால் விசை பரவும். மதர்போர்டைக் கழற்றி வைத்துவிட்டே துளை போடுங்கள், டிரில் மெஷினை விடக் கையால் திருகும் சின்ன டிரில் பாதுகாப்பு. துளையிட்ட தூளைப் பிரஷ்ஷால் முழுதாகச் சுத்தம் செய்யுங்கள். மதர்போர்டைக் கழற்றும் அளவுக்குப் பழக்கமில்லை என்றால் கடையில் கொடுத்து இதே முறையில் செய்யச் சொல்லிக் கேட்கலாம், பல மெக்கானிக்குகள் சந்தோஷமாகச் செய்வார்கள்.

மூடி பக்கம் உடைந்திருந்தால் பி பேனலைப் பிரித்து, ஸ்கிரீனைக் கழற்றி, அதே சொரசொரப்பு, அதே எபாக்ஸி. ஸ்கிரீனைக் கழற்றுவது மட்டும்தான் வித்தியாசம், பயமும் அதுதான். மெல்லிய பிரேம் உள்ள புது மாடல்களில் ஸ்கிரீன் இழுத்தால் நீண்டு கழன்று வரும் டேப்பில் ஒட்டியிருக்கும், கார்டை நுழைத்து நெம்பினால் ஸ்கிரீன் விரிசல் விடும். அது உங்கள் முதல் வேலையாக இருக்க வேண்டாம்.

கடைக்குக் கொடுக்கிறீர்கள் என்றால்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். நல்ல கடை எது என்று பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, பதிலை வைத்துக் கண்டுபிடிக்கலாம். உள்ளே போனதும் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, இது ஒட்டிக் குடுப்பீங்களா, பேனல் மாத்துவீங்களா? ஒட்டுனா ஹிஞ்ச லூஸ் பண்ணிட்டுதானே ஒட்டுவீங்க?" இரண்டாவது கேள்விக்கு "ஆமா, அதப் பண்ணாம ஒட்டுனா நிக்காதுல்லா" என்று பதில் வந்தால் நம்பிக் கொடுக்கலாம். "அதெல்லாம் தேவையில்ல, நல்ல பசை போட்டுத் தாறேன்" என்றால் சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அடுத்த கடைக்குப் போங்கள்.

பேனல் மாற்றுவதாக இருந்தால் புதுசா, இன்னொரு பழைய லேப்டாப்பிலிருந்து எடுத்ததா, கம்பெனி தயாரிப்பா, அதே மாதிரி செய்த டூப்ளிகேட்டா என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு. பழையதிலிருந்து எடுத்த ஒரிஜினல் பேனல் பல நேரம் புது டூப்ளிகேட்டை விட உறுதியாக இருக்கும், என் ஓட்டு அதற்குத்தான். பேனல் பெரும்பாலும் வெளியூரிலிருந்து, சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ மற்ற இடத்திலிருந்தோ வர வேண்டும், நான்கைந்து நாள் ஆகும், அதுவரை லேப்டாப்பை நீங்களே வைத்திருந்து பேனல் வந்ததும் கொடுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக் கொடுங்கள், டெல் என்றால் ஏழு எழுத்து சர்வீஸ் டேக். வெறும் '15 இன்ச் எச்பி' என்று சொன்னால் தவறான பேனல் வந்து நிற்கும்.

கொடுப்பதற்கு முன் பேக்கப். ஹிஞ்ச் வேலைக்கு உங்கள் பாஸ்வேர்டு தேவையே இல்லை, லாகின் திரை வருகிறதா என்று பார்த்தாலே போதும். வற்புறுத்திக் கேட்டால் தனியாக ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். ஸ்கிரீன், கீபோர்டு எல்லாம் வேலை செய்கிறது என்பதைக் கடைக்காரர் முன்னால் ஆன் செய்து காட்டிவிட்டுக் கொடுங்கள், திரும்ப வாங்கும்போதும் அங்கேயே ஆன் செய்து பாருங்கள். கழற்றிய பழைய பேனலைக் கேட்டு வாங்குங்கள். செய்த வேலைக்கு எத்தனை மாதம் பொறுப்பு என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கீகரிக்கப்பட்ட சென்டரில் பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ரைட் டு ரிப்பேர் (பழுது பார்க்கும் உரிமை) தளத்தில் சில நிறுவனங்களின் சர்வீஸ் விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கும்.

சரியான பிறகு

ஒட்டிய லேப்டாப்பை முதல் ஒரு வாரம் குறைவாகத் திறந்து மூடுங்கள். எப்போதும் ஸ்கிரீனின் மேல் விளிம்பில் நடுவில் பிடித்துத் திறங்கள், மூலையைப் பிடிக்க வேண்டாம். பையில் அதற்கென்று தனி அறை இருக்கட்டும். கடலோரத்தில் இருப்பவர்கள் இரவு ஜன்னல் ஓரத்தில் திறந்து வைக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து அடிமூடியில் ஹிஞ்ச் பக்க ஸ்குரூக்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள், தளர்ந்திருந்தால் லேசாக இறுக்குங்கள். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, திறக்கும்போது பாடியின் முன்பக்கம் மேஜையிலிருந்து எழும்புகிறதா என்று கவனியுங்கள். முன்பெல்லாம் எழும்பாதது இப்போது எழும்புகிறது என்றால் ஹிஞ்ச் திரும்ப இறுக ஆரம்பித்துவிட்டது. 'டக்' சத்தம் வரும் வரை காத்திருக்காமல் அப்போதே கழற்றி நட்டைத் தளர்த்திவிடுங்கள்.